வந்திறங்குகிறவர்களுக்குக் குளிக்க ஓர் இடம்

இன்று காலை ஏர்போர்ட் வாசலில் நின்றவர்கள் நான்கு பேர்: நான், என் வீட்டுக்காரர், ஓரகத்தி செல்வி, அவளுடைய மூன்று வயசுப் பாப்பா.

செல்வியின் வீட்டுக்காரர், சிங்கப்பூரில் வேலை செய்யும் என் கொழுந்தனார், பாப்பாவைப் போட்டோவில்தான் பார்த்திருந்தார். பாப்பாவுக்குக் கடும் காய்ச்சல் வந்தபோது, "ஊருக்கு வந்தா தலைக்குக் குளிச்சிட்டுத்தான் புள்ளையத் தொடுவேன்" என்று பெரியபாளையத்து அம்மனுக்கு வேண்டிக்கொண்டார்.

"ஏர்போர்ட் லவுஞ்ச்ல குளிக்க ரூம் இருக்குதாம் அண்ணி. பாப்பாவ இட்டுக்கினு வாங்க" என்று போனில் சொன்னார். நம்பிக் கூட்டிப்போனோம்.

வெளியே வந்தவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"லவுஞ்ச் புறப்படறவங்களுக்குத்தானாம் அண்ணி. வந்து எறங்குறவங்களுக்குக் கெடையாதாம்."

பாப்பா, "அப்பா, தூக்கு" என்று கையை நீட்டியது. அவர் ஓர் அடி பின்னால் நகர்ந்தார்.

"இன்னாடா நீ? அம்மன் கோச்சிக்கமாட்டா, தூக்குடா" என்றார் என் வீட்டுக்காரர்.

"புள்ளைய மீட்டுக் குடுத்தவ கிட்ட பேச்சு மாறச் சொல்றியாண்ணே?"

வேனில் கொழுந்தனார் பாப்பாவை விட்டுத் தள்ளி, டிரைவர் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தார்.

பெரியபாளையம் போய்ச் சேர்ந்ததும் குளித்துவிட்டு, ஈரத் தலையோடு ஓடிவந்து கையை நீட்டினார். பாப்பா செல்வியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. இந்த நேரம் வரை அவரிடம் போகவில்லை.

அம்மன் மேல் எனக்குக் குறை இல்லை, அந்த லவுஞ்ச் மேல்தான். புறப்படுகிறவர்கள் வீட்டிலேயே குளித்துவிட்டுத்தானே வருகிறார்கள்?

அடுத்த முறை வரும்போதும் குளித்துவிட்டுத்தான் பாப்பாவைத் தொடுவாராம். வந்து இறங்கியதும் லவுஞ்ச் தருகிற ஏர்லைன்ஸ் ஏதாவது உண்டா? இந்த வாரம் டிக்கெட் போடணும், தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.