நெஞ்சு உருவும் பாலிசியும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று சில வருஷமாகவே மனசுக்குள் போட்டு உருட்டிக்கொண்டிருந்தேன். மாரியாத்தாளுக்குச் செய்த நேர்த்திக்கடனைக் குறை சொன்னதாக ஆகிவிடுமோ என்று பயம். போன வாரம் பக்கத்து வீட்டுக்காரி எங்களை மாதிரியே ஆஸ்பத்திரியில் கையைப் பிசைந்து நின்றதைப் பார்த்த பிறகு, இனி வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் பாவம் என்று பட்டது.

வருஷா வருஷம் தெப்பக்குளம் மாரியம்மனுக்கு வெள்ளித் தகட்டில் உறுப்பு வடிவம் அடித்த உரு வாங்கிப் போடுவேன். பிள்ளைகளுக்குக் கண்ணும் காலும், வீட்டுக்காரருக்கு நெஞ்சும். நோய் வந்ததற்காக இல்லை, வராமல் இருக்க.

சில வருஷம் முன்பு ஒரு நாள் திருநகர் பஸ் ஸ்டாப்பில் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது டாக்டரம்மா கேள்வி மேல் கேள்வி கேட்டார். “எத்தன வருஷமா இவரு நெஞ்சுக்காக ஆத்தாகிட்ட வேண்டிக்கிட்டு இருக்கேன்” என்று அழுகையோடு புலம்பினேன்.

இதயத்தில் அடைப்பு, இன்றைக்கே ஸ்டென்ட் வைக்க வேண்டும் என்றார்கள். காப்பீட்டு கவுண்டரில் இருந்த தம்பி உதட்டைப் பிதுக்கினார்.

“பாலிசி எடுத்தே ரெண்டு வருஷம்தாம்மா ஆகுது. நெஞ்சுவலி பல வருஷமா இருக்குன்னு கேஸ் ஷீட்ல எழுதியிருக்கு. நோயை மறைச்சுட்டீங்கன்னு கம்பெனி முடியாதுன்னுட்டான். பணத்தைக் கட்டுங்க, இல்லன்னா வேற ஆஸ்பத்திரி பாருங்க.”

அந்த நிலையில் அவரைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது? அந்தத் தம்பியே குரலைத் தாழ்த்தி, “நெஞ்சைப் பத்தி டாக்டர்கிட்ட எதுவுமே சொல்லலைன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க, அனுப்பிப் பார்ப்போம்” என்றார்.

“நெஞ்சுக்காக வேண்டிக்கிறேன்னு சொன்னேனேப்பா.”

கூட வந்திருந்த கொழுந்தனார் பாய்ந்தார். “மதினி, அண்ணன் உசுரு ஊசலாடுது. இப்பப் போயி அரிச்சந்திரன் வேசம் கட்டுறீகளே!”

“பொய் எழுதிட்டு எந்த முகத்தோட அவருக்காகக் கும்பிடுவேன்? அந்தப் பொய்யையே பிடிச்சுக்கிட்டு நாளைக்குக் கம்பெனிக்காரன் மறுத்தான்னா?” கம்பெனி முடியாதென்றதைத் தாளில் கேட்டு வாங்கிக்கொண்டு டாக்டரம்மாவிடம் ஓடினேன்.

“நோய்க்காகத்தானே வேண்டுவீங்க? அதான் வலி இருக்குன்னு எழுதினேன்” என்றார் அவர்.

“வராம இருக்கத்தாம்மா உரு போடுறது. பாலிசியும் அதுமாதிரிதானே? பாலிசி எடுத்தவுகளெல்லாம் முந்தியே நோயாளின்னு எழுதுவீகளா?”

டாக்டரம்மா உள்ளே போய், முன்பு வலி உண்டா, மாத்திரை உண்டா என்று வீட்டுக்காரரிடமே கேட்டார். எதுவும் இல்லை. “எழுதினதை அழிக்கக் கூடாது. ஆனா நான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்னு தனியா ஒரு கடிதம் தர்றேன்” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நான் சொன்னதை நான் சொன்னபடியே எழுதிக் கொடுத்தேன். இரண்டும் கம்பெனிக்குப் போயின.

பதில் வரும்வரை நான் இருந்த இருப்பை எழுதத் தெரியவில்லை. உள்ளே மிஷின் கத்தும்போதெல்லாம் எழுந்து எழுந்து நின்றேன். பொழுது சாயும்போது கவுண்டர்த் தம்பி ஓடி வந்தார். “அம்மா, ஓகே ஆயிருச்சு!” கொழுந்தனார் சுவரில் சாய்ந்து குழந்தை மாதிரி அழுதார். அன்றைக்கு ராத்திரியே ஸ்டென்ட் வைத்தார்கள்.

அடுத்த திருவிழாவில் உருக்கடை முன்னால் நெஞ்சுத் தகட்டை எடுக்கக் கை கூசியது. “வாங்கு புள்ள. இம்புட்டுத் தூரம் வந்து பயந்துட்டு விட்டா, உரு போட்டாலே நோயாளின்னு கம்பெனிக்காரன் நெனச்சது நெசமாயிரும்” என்றார் வீட்டுக்காரர்.

ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது, என்ன எழுதினார்கள் என்று வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். காப்பீட்டுக் கம்பெனி மறுத்தால் காரணத்தைத் தாளில் கேளுங்கள். இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது ஒரு வார்த்தை கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். கூட்டி எழுதிய ஒரு வரியில்தான் அவர் உயிர் அன்றைக்குத் தொங்கிக்கொண்டிருந்தது.