முதுகுக்கு எட்டாத மருந்து

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்களில் வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் வேலை பார்த்தேன். மில் விடுதியில் எங்கள் அறையில் எட்டுப் பெண்கள். கோடையில் எனக்குக் கழுத்திலும் முதுகிலும் சிவந்து தடித்தது. பறக்கும் பஞ்சு வேர்வையில் ஒட்டி அரிக்கும். சொறிந்த இடத்தில் நீர் கசியும்.

படுக்கும்போது பக்கத்துப் பாய்கள் தள்ளிப் போயின. என் தம்ளரை யாரோ ஜன்னல் கட்டையில் தனியாக எடுத்து வைத்திருந்தார்கள்.

விடுமுறையன்று மில் பஸ்ஸில் திண்டுக்கல் போய் ஒரு டாக்டரம்மாவைப் பார்த்தேன்.

"இது தொத்து நோயில்லம்மா. வேர்க்குருதான் முத்திப்போயிருக்கு" என்றார். ரோஸ் நிற லோஷன் ஒன்றை எழுதிக்கொடுத்தார். "இதுல துத்தநாகம் இருக்கு. ஜிங்க்னு சொல்வாங்க. அரிப்பை அடக்கும், கசியிற தண்ணியைக் காயவைக்கும். குளிச்சு ஈரத்தைத் துடைச்சிட்டு, நல்லாக் குலுக்கிப் பூசு. வீட்டுல யாரையாவது முதுகுல பூசிவிடச் சொல்லு."

சரி என்று தலையாட்டினேன். அம்மா இறந்த பிறகுதான் மில்லுக்கு வந்திருந்தேன்.

கழுத்தில் பூசியதுமே குளுகுளுவென்று இருந்தது. காய்ந்ததும் வெள்ளையாகப் படிந்து நின்றது. முதுகுக்குக் கை எட்டவில்லை. பழைய துண்டில் லோஷனை ஊற்றி, இரண்டு முனையையும் பிடித்து முதுகில் இழுத்துப் பார்த்தேன். பாதி மருந்து தரையில் சொட்டியது.

அறையில் அதிகம் பேசாத அக்கா ஒருவர் கதவோரம் படுத்திருந்தார். எழுந்து வந்து கையை நீட்டினார்.

"இங்கிட்டுக் குடு."

"ஒட்டிக்கிரும்னு பயப்படுறாங்கக்கா."

"திரும்பு."

நூல் அறுத்துக் காய்த்துப்போன விரல்கள். ஆனாலும் மெதுவாகப் பூசினார். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

"எரியுதா?"

"இல்லக்கா."

"செத்த நேரம் அசையாம இரு, காயட்டும்" என்றார். பிறகு அவராகவே, "எம் மகளுக்கும் கோடைன்னா இப்படித்தான் வரும். இதத்தான் பூசுவேன்" என்றார்.

"இப்ப எங்கக்கா இருக்கா?"

"அவங்கப்பாகிட்ட."

பாட்டிலை மூடி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

தினமும் வேலை முடிந்து குளித்ததும் பூசிவிட்டார். கசிவு நின்றது, சிவப்பு மங்கியது, பொருக்கு உதிர்ந்தது. பாய்கள் ஒவ்வொன்றாகப் பழைய இடத்துக்கு வந்தன. அரிப்பு அடங்கிய பிறகும், "முதுகுல இன்னும் அரிக்கிதுக்கா" என்றேன். ஆறிய தோல் அவர் கண்ணில் படாமல் இருந்திருக்காது. ஆனாலும் பாட்டிலைக் குலுக்கினார்.

மருந்து தீர்ந்தது. அடுத்த மாதம் அவருக்கு ஷிப்ட் மாறி, வேறு அறை கொடுத்தார்கள். சாப்பாட்டுக் கூடத்து வாசலில் எப்போதாவது எதிர்ப்படுவோம். "நல்லாயிருக்கியா?" என்பார். "நல்லாயிருக்கேன்க்கா" என்பேன். அவர் வேலைக்குப் போவார். நான் சாப்பிடப் போவேன்.