நடுத் தையல்

காலையில் மிஷின் மூடியைத் திறப்பதற்கு முன் மரகதம் டேப்பை எடுத்துத் தன்னையே ஒரு சுற்றுச் சுற்றுகிறாள், ரவிக்கை முடிகிற இடத்தில். குனிந்து எண்ணைப் பார்க்கிறாள். முப்பத்தொன்பது. டேப்பைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து விடுகிறாள். சிரிப்பும் இல்லை, பெருமூச்சும் இல்லை.

“முந்தியெல்லாம் மூச்ச இழுத்துப் புடிச்சுக்கிட்டுத்தான் அளப்பேன். டேப்பு பொய் சொல்லாது. நாந்தான் சொல்ல வப்பேன்” என்கிறாள். இப்போது மூச்சை முழுதாக விட்டுவிட்டு அளக்கிறாள். இந்தத் தீவில், ஷாதிபூரில், இருபத்து மூன்று வருஷமாகத் தையல் மிஷின் மிதிக்கிறவளுக்கு இந்த ஒரு காரியம் பழக அத்தனை நாள் ஆகியிருக்கிறது.

வீட்டின் முன்னறைதான் கடை. போர்டு கிடையாது. தமிழ்ப் பெண்களும் பெங்காலி, தெலுங்கு, மலையாளப் பெண்களும் துணியைச் சுருட்டிக்கொண்டு நேரே உள்ளே வருகிறார்கள். மரகதத்துக்கு முகம் மறந்துவிடும், அளவு மறக்காது. மார்க்கெட்டில் யாராவது “க்யா தீதி, கைஸா ஹே?” என்று இந்தியில் நலம் விசாரித்துக் கையைப் பிடித்தால் ஒரு விநாடி திருதிருவென்று விழிப்பாள். அப்புறம் உதட்டுக்குள்ளேயே “முப்பத்தாறு, கை பத்தரை” என்று முணுமுணுத்துவிட்டு, ஆளைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் பேச ஆரம்பிப்பாள். ஆனால் ஒருத்தி அளவை இன்னொருத்தியிடம் சொன்னாள் என்ற பேச்சு இதுவரை கிடையாது.

தொழிலில் அவளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. எந்த ரவிக்கையானாலும் பக்கத் தையலுக்கு உள்ளே ஒன்றரை இன்ச் துணி விடாமல் தைக்க மாட்டாள். உடம்பு ஏறும், இறங்கும், பிரித்து விட்டுக்கொள்ளலாம். “வெட்டுன துணி திரும்ப வருமா?” என்பாள். அந்த ஒன்றரை இன்ச்சை மற்றவர்களைவிட அதிகமாகப் பயன்படுத்தியது அவள்தான்.

முன்பெல்லாம் அவளுடைய ஒவ்வொரு ரவிக்கையிலும் மூன்று வரிசைத் தையல். உள் வரிசை முப்பத்தாறு. கடல் தாண்டிச் சொந்த ஊர் போகும்போது அதுதான்; அதற்கு ‘மெயின்லேண்ட் தையல்’ என்று பெயர். வெளி வரிசை நாற்பத்திரண்டு, தீவில் இருக்கும்போது; அது ‘ஐலேண்ட் தையல்’. நடுவில் முப்பத்தொன்பதுக்கு ஒரு வரிசை. அதற்குப் பெயரே கிடையாது. இளைக்கும்போது ஒரு பதினைந்து நாள், பெருக்கும்போது ஒரு பதினைந்து நாள், அவ்வளவுதான் அதற்கு ஆயுசு.

இந்தக் கூத்துக்கெல்லாம் சூத்திரதாரி கப்பல். புருஷன் ஜெகநாதனுக்கு ஹேடோ துறைமுகத்தில் சரக்கு இறக்குகிற இடத்தில் அரசாங்க வேலை. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை எல்.டி.சி. என்ற பயணச் சலுகை கிடைக்கும், குடும்பத்தோடு அருப்புக்கோட்டை போகலாம். “ஜஹாஜ் தேதி போட்டுட்டான்” என்று அவர் வந்து கப்பல் சேதி சொல்கிற அன்றைக்கே மரகதத்தின் வீட்டில் சோற்றுப்பானைக்கு லீவு. நாற்பது நாள் வெறும் பப்பாளி, வெள்ளரிக்காய், உப்பில்லாத கஞ்சி. தலை கிறுகிறுக்கும், எரிச்சலில் கை கோணும், ஊரார் ரவிக்கைக் கழுத்தெல்லாம் கோணலாக விழும். சொந்தக்காரர்கள் முன்னால் பூசணிக்காய் மாதிரி போய் நிற்கக் கூடாது. அது ஒன்றுதான் அவளுக்குக் குறி.

போய் இறங்கினால் நடப்பதோ வேறு. “ஐயையோ, ஏ மரகதம், என்னடி இப்படி வத்தலாப் போயிட்ட? அந்தத் தீவுல சோறு கீறு இல்லையா?” என்று அக்கா இந்திராணி கன்னத்தைத் தடவுவாள். மறுநாளிலிருந்து கறி, பரோட்டா, சேவு, பாயசம். பட்டினி கிடந்த உடம்பு சும்மா இருக்குமா? ஒரு மாதம் கழித்துக் கப்பலேறும்போது வெளித் தையலும் திணறும். கையில் முறுக்கு டின் இரண்டு வேறு. அடுத்த இரண்டு வருஷத்துக்கு நாற்பத்திரண்டு. அடுத்த தேதி போட்டதும் மறுபடி பப்பாளி.

பக்கத்து வீட்டு ஷீலா நர்ஸ். மலையாளத்துப் பெண். “சேச்சி, இப்படி ஏத்தி எறக்கி வெளயாடுனா முட்டி காலி. அப்புறம் கால் மிஷின் மிதிக்க முடியாது, சம்ஜா, புரியுதா?” என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். மோட்டார் போடலாம்தான். கரண்டை நம்பி யார் தைப்பது? முட்டி போனால் மிஷின் போச்சு. மிஷின் போனால் மரகதத்துக்கு என்ன மிச்சம்? அது அவளுக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் பப்பாளி நறுக்கினாள்.

அவளை நிறுத்தியது ஷீலாவின் பேச்சு அல்ல, ஒரு கிழிசல். இரண்டு வருஷத்துக்கு முன் அக்கா வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் பால் பானையைத் தூக்க இரண்டு கையையும் நீட்டினாள். டர்ரென்று பக்கவாட்டில் பட்டு ரவிக்கை கிழிந்தது. கூடி நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். முந்தானையால் மூடிக்கொண்டு பின்கட்டுக்கு ஓடிய மரகதம், ரவிக்கையைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அந்த நேரத்திலும் தையல்காரி புத்தி!

“நூலு அறுந்திருந்தா ஒண்ணுமில்ல, திரும்ப ஓட்டிறலாம். நூலு நல்லாத்தான் இருக்கு, துணி போயிருச்சு. பிரிச்சுப் பிரிச்சுத் தச்ச ஊசி ஓட்டை இருக்கு பாருங்க, வரிசையா, சல்லடை மாதிரி. அதுவழியா வெளிச்சம் வருது. பட்டுத்துணியே தாங்கலையே, இந்த ஒடம்பு எப்படித் தாங்கும்னு நெனச்சேன். அழுக வந்துருச்சு” என்று அந்த ரவிக்கையை இப்போதும் எடுத்துக் காட்டுகிறாள்.

திரும்பி வந்து அவள் செய்தது விசித்திரமான காரியம். தன்னுடைய பத்து ரவிக்கைகளிலும் உள் தையலைப் பிரித்துப் போட்டாள். முப்பத்தாறு இனிக் கிடையாது. சாப்பாட்டுக்கு ஒரே ஒரு கேள்வி வைத்துக்கொண்டாள்: இதை அக்கா வீட்டிலும் செய்ய முடியுமா? முடியும் என்றால் இங்கேயும் செய்வது, முடியாதென்றால் இங்கேயும் கூடாது. பப்பாளிப் பட்டினி அந்தக் கேள்வியில் தோற்றது. இரண்டு கரண்டிச் சோறு, மீன் குழம்பு, ஒரு காய் ஜெயித்தன. மத்தியானம் ஜெகநாதனுக்குச் சாப்பாட்டை ஹேடோ வரைக்கும் நடந்தே கொண்டுபோய்க் கொடுக்கிறாள். “கேரியரை நானே தூக்கிட்டுப் போறேன்னா கேக்க மாட்டேங்குறா” என்று அவருக்கு வெட்கம். நாற்பத்திரண்டிலிருந்து முப்பத்தொன்பதுக்கு வரப் பத்து மாதம் ஆயிற்று. வந்து பதினாலு மாதமாக அங்கேயே நிற்கிறது. பெயரில்லாத தையலுக்குக் கடைசியில் ஒரு வாழ்வு வந்தது.

ஆனால் இந்தப் பதினாலு மாதத்தில் கப்பல் கிடையாது. பரீட்சையே இனிமேல்தான். தை மாதம் இந்திராணியின் மகள் ப்ரியங்காவுக்குக் கல்யாணம். போன வாரம் அக்கா போனில் கூப்பிட்டாள்.

“ஏ மரகதம், வீடியோ எடுக்குறாக. எளச்சுட்டு வாடி, என்ன?”

“இருக்குற மாதிரியே வாரேன்க்கா.”

“வந்து நல்லாச் சாப்புட்டுத் தேத்திக்கிறலாம்டி!”

மரகதம் போனை வைத்துவிட்டு நெடுநேரம் சிரித்தாள். அப்புறம் பயந்தாள். அதையும் மறைக்கவில்லை. “அங்க போயி எல நெறையப் போட்டு, கண்ணக் கசக்கிக்கிட்டு ‘சாப்புடுடி’ன்னு அக்கா முன்னால ஒக்காந்தா என்னத்தச் சொல்ல? அதான் பயமா இருக்கு.”

இன்று கல்யாண ரவிக்கை மிஷினில் ஓடுகிறது. மாம்பழ நிறப் பட்டு. வேலை முடிந்து வந்த ஜெகநாதன் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே, “இருவத்திரெண்டாந் தேதி ஜஹாஜ்” என்றார். மரகதத்தின் கால் ஒரு நொடி நின்று, மறுபடி மிதித்தது. பக்கத் தையல் முப்பத்தொன்பதில் ஒரே வரிசை. அதன்மேலேயே இன்னொரு ஓட்டு.

அவர் குனிந்து பார்த்தார். “எதுக்கும் உள்ள துணிய விட்டு வையி. போறது ஒங்க அக்கா வீட்டுக்கு.”

“ஆமாங்க, அக்கா வீட்டுக்குத்தான்” என்றாள் அவள்.

பெரிய கத்தரிக்கோலை எடுத்தாள். தையலுக்கு வெளியே மடியாமல் நீட்டிக்கொண்டிருந்த ஒன்றரை இன்ச் பட்டுத்துணியை விரலால் நீவினாள். கத்தரி துணியைத் தொட்டு நின்றது. பிறகு அரை இன்ச் மட்டும் விட்டு, மேலிருந்து கீழ்வரை ஒரே வெட்டு. மஞ்சள் கீற்று காலடியில் விழுந்தது. அவள் ரவிக்கையைத் திருப்பி, அடுத்த பக்கத்தைக் கையில் எடுத்தாள்.