கட்டையும் கமானியும்

என் மனைவிக்கு உயரம் குறைவு. அந்தக் குறையைப் பிடிவாதத்தால் சரிக்கட்டி வைத்திருந்தாள். எண்பதுகளில், யமுனைக்கு அக்கரையில் நாங்கள் குடியிருந்தபோது, தில்லியில் எந்த நெல்லைக்காரர் வீட்டுக் கல்யாணம் என்றாலும் மறுநாள் சொதிச் சாப்பாட்டுக்கு அவளைத் தேடித்தான் வருவார்கள். வீட்டின் பின்கட்டில் சமையல் நடக்கும். மண்டபத்துக்குக் கொண்டுபோக ஒரு பிக்கப் வண்டி. மிலிட்டரியில் உழைத்து ஓய்ந்து, எங்களிடம் வந்து மறுபடி மாட்டிக்கொண்டது. அவளே ஓட்டுவாள். நான் மத்திய அரசில் ஃபைல் நகர்த்துகிறவன் என்பதால் என்னை ஸ்டியரிங் பக்கமே விடமாட்டாள்.

சொதி சாம்பார் மாதிரி சாது இல்லை. தேங்காய்ப் பால் கொதித்தால் திரிந்துபோகும். மண்டபத்தில் போய் மறுபடி அடுப்பேற்றிச் சமாளிக்க முடியாது. சூட்டோடு கிளம்பி, சூட்டோடு போய்ச் சேர வேண்டும்.

முந்தைய வருஷ மழையில் அது நடக்கவில்லை. ரயில் பாலத்தடியில் தேங்கிய தண்ணீரில் வண்டி நின்றுவிட்டது. தள்ளி, இழுத்து, மண்டபம் போய்ச் சேர்ந்தபோது மாப்பிள்ளை வீட்டார் பிரெட்டும் வாழைப்பழமும் தின்று கை கழுவியிருந்தார்கள். பாத்திரங்களைப் பின்வாசலில் இறக்கிவிட்டு, உள்ளே போகாமல் சுவரோரமாக நின்றாள் அவள். யார் கூப்பிட்டும் வரவில்லை. அதற்கப்புறம் பல மாதம் ஒரு கல்யாணமும் வரவில்லை.

ஆவணியில் ஒரு வீட்டார் துணிந்து வந்தார்கள். மண்டபம் மந்திர் மார்க் பக்கம். வழியில் அதே பாலத்தடி. "இதுலயும் நின்னுட்டுன்னா கரண்டியக் கீழ வச்சிர வேண்டியதுதான்" என்றாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று முகமே சொன்னது.

வண்டியை உயர்த்த வேண்டும் என்று முடிவாயிற்று. எப்படி என்பதில்தான் காலனியே இரண்டாகப் பிரிந்தது. அடிச்சட்டமான சேஸிஸுக்கும் பாடிக்கும் நடுவே கட்டை வைத்து பாடியை மட்டும் தூக்குவது ஒரு வழி. அடியில் இருக்கும் கமானியை, அதுதான் வில்லாக வளைந்த பட்டை ஸ்பிரிங்கை, உயரமாக மாற்றிப் போடுவது இன்னொரு வழி. ஸ்கூட்டருக்கு மேல் எதையும் ஓட்டாத கனவான்கள் எல்லாம் மாலையில் வந்து டீ குடித்து அபிப்பிராயம் சொன்னார்கள். நான் கட்டைக் கட்சி. வேலை சுலபம், வண்டியின் ஓட்டமும் மாறாது, சொதிக்கும் நல்லது என்று வாதாடி, நானே வண்டியை ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிப் போனேன். அன்றைக்கு மட்டும் அனுமதி கிடைத்தது.

ஒர்க்‌ஷாப் சர்தார்ஜியிடம் எனக்குத் தெரிந்த இந்தியில், "கட்டா லகாவ், ஊஞ்சா கரோ" என்றேன். கட்டை வை, உயரமாக்கு என்று சொன்னதாக நினைப்பு. கட்டைக்கு இந்தி கட்டாவாகத்தான் இருக்கும் என்று நானே தீர்மானித்திருந்தேன். அந்த ஊரில் கட்டா என்றால் நாட்டுத் துப்பாக்கி. அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு முகம் தெளிந்து, "அச்சா, அச்சா" என்று தலையாட்டினார். நானும் நிம்மதியாக ஆபீஸ் போனேன்.

சாயங்காலம் போனால் வண்டி போட்டது போட்டபடி இருக்கிறது. டிரைவர் சீட்டின் மேல் மட்டும் தேங்காய் நார் அடைத்த, லாரியில் போடுகிற பெரிய மெத்தை ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கிறது. மதராசிக்கு உச்சரிப்பு வராது, கத்தா என்கிற மெத்தையைத்தான் கட்டா என்கிறான் என்று சர்தார்ஜி பெருந்தன்மையோடு புரிந்துகொண்டிருக்கிறார். "பீபிஜி சோட்டி ஹை நா? அப் சடக் திகேகி" என்றார். பீபிஜி குள்ளம், இனி ரோடு தெரியும் என்று அர்த்தம்.

வீட்டில் அவள் அதைக் கேட்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பானெட்டைத் திறந்தாள். அப்புறம் வண்டிக்கடியில் குனிந்து பார்த்தாள்.

"ஏங்க, எஞ்சின் எதுல உக்காந்திருக்கு? சேஸிஸ்லயா, பாடியிலயா?"

"சேஸிஸ்லதான்."

"அப்ப பாடியத் தூக்கி என்னத்துக்கு? கொண்டைய ஒசத்திக் கெட்டினா நான் ஒசந்துருவேனா? தண்ணி எஞ்சினுக்குள்ளதான போகுது!"

காலனி முழுக்கக் கூடிப் பேசியும் ஒருத்தர் வாயிலும் இந்தக் கேள்வி வரவில்லை. என் கட்சி அங்கேயே கலைந்தது. மறுநாள் அவளே போய்க் கமானியை மாற்றச் சொன்னாள். "காடி உச்லேகி, பீபிஜி" என்று சர்தார்ஜி எச்சரித்தார். வண்டி துள்ளும் என்றார். அது சத்தியமான வார்த்தை. சோதனைக்கு ஓர் அண்டா நிறையத் தண்ணீர் ஏற்றிக் காலனியைச் சுற்றி வந்தோம். பாதி அண்டாதான் வீடு திரும்பியது.

வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். "கட்ட வச்சா தண்ணில நின்னுரும். கமானி போட்டா சொதி கொட்டிரும். என்னத்தச் செய்ய?" வண்டியை ஏறிட்டுப் பார்த்தவள், எழுந்து போய் டிரைவர் சீட்டிலிருந்து அந்த மெத்தையை உருவினாள். பின்னால் விரித்து, அதன்மேல் அண்டாவை வைத்தாள். கழுத்துக்குக் கீழேயே தண்ணீரை நிறுத்தி, மூடி போட்டு, அதன்மேல் துணியால் வேடு கட்டி மறுபடி ஓட்டினாள். தண்ணீர் தளும்பியது, ஆனால் சிந்தவில்லை. அவளுக்கு ரோடு தெரிய வீட்டுத் தலையணை போதுமாக இருந்தது.

விருந்தன்று விடிந்ததிலிருந்து மழை. பாலத்தடியில் ஒரு பஸ் நின்றுபோயிருந்தது, அதன் பின்னால் கார்கள். நான் பின்னால் அண்டாவைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "கெட்டியாப் புடிச்சிக்கிடுங்க" என்று கத்தினாள். முதல் கியரில் போட்டு, ஆக்ஸிலேட்டரை விடாமல், தண்ணீருக்குள் இறங்கினாள். பஸ் ஜன்னலெல்லாம் தலைகள். தண்ணீர் சக்கரத்தை மறைத்தது. எஞ்சின் சத்தம் மாறுகிறதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். மாறவில்லை. மேட்டில் ஏறியதும் பஸ்ஸிலிருந்து யாரோ விசிலடித்தார்கள். அந்தச் சிறிய முதுகைப் பார்த்து எனக்கு அப்படியொரு பெருமை. என் பெண்டாட்டி என்று இறங்கி நின்று சொல்லலாம் போலிருந்தது.

மண்டபத்தில் வேடு கட்டிய துணியை அவிழ்த்து மூடியைத் திறந்தோம். ஆவி பறந்தது. பெண்ணின் அம்மா ஒரு சொட்டு உள்ளங்கையில் வாங்கி நக்கிப் பார்த்துவிட்டு, "இங்கன வச்சா செஞ்சிய?" என்று கேட்டாள். என் மனைவி இந்தத் தடவை பின்வாசலில் நிற்கவில்லை. ஈர முந்தானையைப் பிழிந்து செருகிக்கொண்டு, வாளியைத் தூக்கி, பந்திக்குள் நேராகப் போனாள். மாப்பிள்ளை இலையிலிருந்து ஆரம்பித்து வரிசையாக ஊற்றிக்கொண்டு வந்தாள்.

கடைசி இலை என்னுடையது. ஒரு கரண்டி ஊற்றினாள். நகராமல் இன்னொரு கரண்டியும் ஊற்றினாள்.

"ஏட்டி, போதும்" என்றேன்.

"மொதக் கரண்டி அண்டாவப் புடிச்சதுக்கு," என்றாள். "இது, நீங்க கேட்ட கட்டாவுக்கு."