பெரட்டு மணியும் பறக்கிற மணியும்

விமானச் சீட்டு எழுதிக் கொடுக்கும் தொழிலில் முதலில் படிக்க வேண்டிய பாடம், விமானம் எத்தனை மணிக்குப் பறக்கும் என்பதைச் சொல்லாமல் இருப்பது. விமான நிலையத்துப் பெஞ்சில் உட்கார்ந்து காலை மாற்றி மாற்றிப் போட்டுக் களைத்தவர்களே, உங்களுக்கு இதை நான் சொல்லவும் வேண்டுமா?

நான் பள்ளியில் படித்தது கொஞ்சம். துண்டுப் பிரசுரங்களில் படித்ததுதான் மிச்சமெல்லாம். தோட்டத்து வேலைநிறுத்தத்தில் முன்னால் நின்றதற்காகப் வேலை நீக்கப் பத்துச்சீட்டுக் கொடுத்து என்னை வெளியே தள்ளினார்கள். ஹட்டன் டவுனில் ஹனீபா முதலாளி திருச்சி விமானத்துக்குச் சீட்டுப் பதியும் கடை வைத்திருந்தார். தமிழும் கொஞ்சம் இங்கிலீசும் எழுதத் தெரிந்த ஆள் அவருக்குத் தேவைப்பட்டது. எனக்கு உட்கார ஓர் இடம் தேவைப்பட்டது. உட்கார்ந்தேனே தவிர, ஒரு நாளும் நிலையாக உட்கார முடியவில்லை.

ஆஜர்

நோர்வூட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்தவர் சின்னப்பன், தேயிலைத் தொழிற்சாலைத் தொழிலாளி. இலங்கையிலேயே, தோட்டத்து லய வீட்டில் பிறந்தவர். ஆனால் சட்டம் அவரை இந்தியர் என்றது. கையில் இருந்த தற்காலிக வதிவிட அனுமதி ஒரு வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. அன்றைக்குள் நாட்டை விட்டுப் போனால், முறைப்படி விசா எடுத்து மனைவி மகளிடம் திரும்பி வரலாம். ஒரு நாள் பிந்தினாலும் வழக்கு. வழக்கு விழுந்தால் திரும்பும் வழி அடைபட்டது.

அந்த வெள்ளிக்கே சீட்டு எழுதினேன். முந்திய விமானங்களில் இடமில்லை. சீட்டில் ‘ஆஜராகும் நேரம் காலை 8’ என்று கம்பெனி முத்திரை குத்தியிருந்தது. எழுத்துக்கூட்டிப் படித்தவருக்கு முகம் வெளுத்துவிட்டது. “ஆஜர்னா கோர்ட்டுங்களே தலைவரே? நான் என்ன குத்தம் செஞ்சேன்?” என்றார். பயப்படாதீர்கள், இது தோட்டத்தில் மலைக்கு வேலைக்குப் போகுமுன் எடுக்கிற பெரட்டு மாதிரி, காலையில் போய் வரிசையில் நின்று பேர் கொடுப்பது, அவ்வளவுதான் என்று விளக்கினேன். முகம் தெளிந்தது. சீட்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“பெரட்டு எட்டு மணிக்கு, சரிங்க. மலை ஏறுறது எத்தனை மணிக்குங்க?”

ஐந்து நிமிஷம்

அதற்கு முந்திய வாரம் அக்கரப்பத்தனையிலிருந்து பொன்னம்மாளும் புருஷனும் போனார்கள். கொழும்பில் பஸ் தாமதித்து, ஐந்து நிமிஷம் பிந்திவிட்டார்கள். பதிவு மூடியாயிற்று, போங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். வெளியே கம்பி வேலியோரம் நின்று பார்த்தால், விமானம் உச்சிப்பொழுது வரை அசையவில்லை. அதன் நிழலில் ஒரு நாய் படுத்திருந்ததாம்.

மறுநாள் கடைக்கு வந்து பொன்னம்மாள் என் மேசையில் சீட்டைப் போட்டாள்.

“தோட்டத்துல பிந்தி வந்தவங்கள வெரட்டிட்டு மத்தவங்க மலைக்குப் போவாங்க. இங்க எங்கள வெரட்டிட்டு ஒருத்தரும் போகலியே, அது என்ன பெரட்டுங்க?”

கரும்பலகை

அன்றே கடை வாசலில் ஒரு கரும்பலகை மாட்டினேன். ஒரு பக்கம் ‘சொன்ன நேரம்’, மறுபக்கம் ‘பறந்த நேரம்’. போய்வந்த ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதினேன். டவுனே நின்று படித்தது. மூன்றாம் நாள் கம்பெனி அதிகாரி கழுத்துப்பட்டி வியர்க்கக் கொழும்பிலிருந்து வந்து இறங்கினார். பறக்கும் நேரம் கம்பெனியின் உள்விவகாரம், பயணிக்கு அது எதற்கு என்றார். உள்ளே உட்கார்ந்திருப்பது பயணிதானே என்று நான் எழுந்தேன். முதலாளி என் தோளை அழுத்தி உட்கார வைத்தார்.

“தலைவரே, போர்டைக் கழட்ட வேணாம். ஒரு பழைய சாரத்துணியப் போட்டு மூடுங்க, ஐயா ரயில் ஏறட்டும்.”

வெள்ளிக்கிழமை

சின்னப்பனோடு விமான நிலையத்துக்கு நானும் போனேன். எட்டு மணிக்கு ஆஜர். பத்து மணிக்கு “இன்னும் கொஞ்ச நேரம்.” பன்னிரண்டுக்கும் அதே கொஞ்ச நேரம். நான் பெஞ்சுக்கும் கண்ணாடிக் கதவுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். சின்னப்பன் அனுமதிச் சீட்டை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். நாலு மணிக்கு விஷயம் வெளிவந்தது: விமானம் நாளைக்கு.

தாமதம் கம்பெனியுடையது என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்கள், இந்த மனிதருக்குக் கெடு இன்றோடு முடிகிறது என்றேன். வாயால் சொல்கிறோமே, எழுதித்தர அதிகாரமில்லை என்றார் குமாஸ்தா. நான் பெஞ்சின் மேல் ஏறிப் பேசினேன். நன்றாகவே பேசினேன். நாற்பது பேர் கேட்டார்கள். ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை. போலீஸைக் கூப்பிடுவேன் என்றார் குமாஸ்தா.

சின்னப்பன் எழுந்து போய், குமாஸ்தா முன்னால் கைகட்டி நின்றார். “நாளைக்கு எத்தனை மணிக்குங்க பறக்கும்? அத எழுதிக் குடுங்க” என்று பணிவாகக் கேட்டார். தெரியாது என்றார் குமாஸ்தா. சின்னப்பன் நகர்ந்தார். பின்னால் ஒரு பெண் வந்து நின்று அதையே கேட்டாள். அவளுக்குப் பின்னால் இன்னொருவர். பேச்சுக்கு எழாதவர்கள் பெரட்டுக்கு எழுந்துவிட்டார்கள். கேட்டு முடித்தவர்கள் வரிசையின் வாலில் போய்ச் சேர்ந்தார்கள். பெஞ்சிலிருந்து இறங்கி நானும் கடைசியில் நின்றேன். இரண்டாம் சுற்றில் சின்னப்பன் திரும்பவும் முன்னால் வந்தபோது, குமாஸ்தா பேனாவை எடுத்தார். ‘கம்பெனித் தாமதம். நாளை காலை 9.30க்குப் பறக்கும்.’ கையெழுத்து, முத்திரை.

மறுநாள் குடிவரவு அதிகாரி அந்தத் தாளை வெளிச்சத்தில் பிடித்து இரண்டு தரம் படித்தார். பிறகு பாஸ்போர்ட்டில் வழக்கில்லாமல் முத்திரை குத்திச் சின்னப்பனிடம் நீட்டினார்.

“இந்தக் கம்பெனி நேரம் எழுதிக் கொடுத்து இப்பதான் பாக்கிறேன். பத்திரமா வச்சுக்குங்க.”

இத்தனை காலம் மேடையேறிக் கத்தி நான் வாங்க முடியாத ஓர் ஒன்பதரை மணியை, கைகட்டி வரிசையில் நின்று வாங்கினோம். அதுவும் பதினொரு மணிக்குத்தான் பறந்தது.