கிருஷ்ணப்பனின் இடுப்புக் கயிறு

காரிமங்கலம் சந்தையில் ஆடு வாங்க வருகிறவர்கள் ஆட்டின் பல்லைப் பார்க்கிறார்கள். கிருஷ்ணப்பன் அதைக் கட்டியிருக்கும் கயிற்றை ஒரு விரலால் சுண்டிப் பார்க்கிறார். துணி காயும் கொடியையும் விடமாட்டார். நிற்கிற லாரியின் தார்ப்பாய்க் கயிற்றை நாலு பக்கமும் சுண்டிவிட்டு, "பின்னாடி ரொம்ப இறுக்கிட்டீங்க, வளைவுல அறுத்துக்கும்" என்று டிரைவரிடம் ஜோசியம் சொல்வார். இதுவரை எந்த டிரைவரும் நன்றி சொன்னதாகத் தகவல் இல்லை.

வயது ஐம்பத்தாறு. இண்டூர்ப் பக்கம் போர்வெல் குழிக்குள் சிக்கிக்கொண்ட மோட்டாரை மேலே எடுத்துத் தருவது தொழில். அறுநூறு அடி ஆழத்தில் நடப்பது கண்ணுக்குத் தெரியாது. கயிறு சொல்வதைத்தான் கேட்க வேண்டும். மற்றபடி மனிதர் தொளதொளப்பானவர். சட்டைக்கு இரண்டு பொத்தான்தான் போடுவார். பத்து மணிக்கு வரச்சொன்னால் பதினொன்றுக்கு வருவார். அவரிடம் இறுக்கமாக இருப்பது ஒன்றே ஒன்று: பேன்ட்டுக்கு பெல்ட்டாகக் கட்டிய நீல நைலான் கயிறு.

"ஒரு பெல்ட்டு வாங்கக் கூடாதாண்ணா?" என்று கேட்பவர்களிடம், "இது ராசிங்க" என்பார்.

ராசியெல்லாம் இல்லை. ஆறு வருடங்களுக்கு முன் ஓர் ஊரில், வீட்டுக்காரர் அவசரப்படுத்த, 'இன்னும் ஒரு இழுப்பு' என்று இவரும் இழுக்க, அறுந்து கையோடு வந்த கயிறு அது. மோட்டாரும் போச்சு, போரும் போச்சு. அந்தக் குடும்பம் காடு கழனியைப் போட்டுவிட்டு ஓசூருக்குக் காவலாளி வேலை தேடிப் போனது. அன்றிலிருந்து வேலையில் இறங்குமுன் அந்தக் கயிற்றை ஒரு பிடி கூடுதலாக இறுக்கிக்கொள்வார்.

போன சித்திரையில் அப்படித்தான் இறுக்கிக்கொண்டு, தக்காளி போட்டிருந்த செல்லி என்பவளின் போர் முன்னால் நின்றார். மோட்டார் கல்லில் மாட்டி நாலு நாளாகிவிட்டது. பூ பிடித்த இரண்டு ஏக்கர் தக்காளி தலையைத் தொங்கப்போட்டிருந்தது. கயிறு அறுந்தால் இன்னொரு போர் போட அவளுக்கு வழியில்லை.

மூன்று இரும்புக் கால்களை நட்டு, மோட்டாரைக் கட்டியிருந்த கயிற்றைக் கப்பியில் ஏற்றி, உருளையின் கைப்பிடியைச் சுற்றினார். கயிறு விறைத்ததும் நிறுத்தினார். சுண்டினார். பிறகு புளிய நிழலில் போய் உட்கார்ந்துவிட்டார்.

"என்னங்கண்ணா, உக்காந்துட்டீங்க?" என்றாள் செல்லி.

"கவுறு இழுத்துக்கினுதாம்மா இருக்குது. நாம எதுக்கு நடுவுல?"

செல்லியின் கொழுந்தன் மாதேஷ் டிராக்டரோடு தயாராக இருந்தான். "இதுல கட்டி ஒரே இழுப்புண்ணா, வந்துடும். இல்ல, கவுத்துக்கு ஒரு டீ சொல்லட்டுங்களா?"

"சொல்லுப்பா. சக்கரை கம்மியா."

அரைமணி கழித்து எழுந்து வந்தார். இப்போதாவது இழுப்பார் என்று எல்லோரும் பார்த்திருக்க, கைப்பிடியைத் திருப்பி ஒரு முழம் கீழே விட்டார். மாதேஷ் தலையில் கைவைத்தான். "மேல எடுக்கச் சொன்னா கீழ அனுப்பறாரு." மறுபடி இறுக்கினார், உட்கார்ந்தார், தொய்யவிட்டார். மூன்றாம் முறை இறுக்கியபோது கயிறு விண்ணென்றது. மாதேஷ் பொறுமையிழந்து டிராக்டரைக் கிளப்ப, செல்லி நேராகப் போய் அதன் முன்னால் நின்றாள்.

"அண்ணன் சொல்ற வரைக்கும் கம்முனு இரு."

அவள் சொல்லி முடிக்கவும் கயிறு சட்டென்று ஒரு சாண் தளர்ந்தது.

தளர்ந்த கயிற்றுக்கு இரண்டே அர்த்தம்: மோட்டார் விடுபட்டுவிட்டது, அல்லது கயிறு அறுந்துவிட்டது. கிருஷ்ணப்பன் கிட்டே போனார். உள்ளங்கையைக் கயிற்றில் வைத்தார். சுண்டவில்லை. டிராக்டரும் அடங்கிவிட்டது.

"கனம் இருக்குதும்மா," என்றார் கடைசியில். "கீழ இருக்குது. வருது."

சேறு பூசிக்கொண்டு மோட்டார் வெளியே வந்தபோது ஊரே அதைச் சுற்றி நின்று போனில் படம் எடுத்தது. மாதேஷ் அதன்மேல் கைபோட்டு நின்று எடுத்துக்கொண்டான். கிருஷ்ணப்பன் புளியமரத்துக்குப் பின்னால் போய், யாருக்கும் முகம் காட்டாமல், நீலக் கயிற்றின் முடிச்சை அவிழ்த்தார். நழுவிய பேன்ட்டை இடக்கையால் பிடித்துக்கொண்டு, வயிறு முன்னே தள்ள, நீளமாக ஒரு மூச்சு விட்டார்.