சுருளியம்மாள் பூட்டிய மோட்டார் அறை

சுருளியம்மாள் ஊராட்சியில் மோட்டார் ஆப்பரேட்டர். தேனிக்குக் கிழக்கே, வைகையாற்று மணலில் இறக்கிய உறைகிணற்றிலிருந்து தண்ணீரைத் தொட்டிக்கு ஏற்றித் தெருக்களுக்குத் திறந்துவிடுவாள். புருஷன் இறந்தபின் அவன் பார்த்த வேலை அவளுக்கு வந்தது. யாரிடமும் குரல் உயர்த்திப் பேசாதவள். தலைவர் எதிரே வந்தால் வேறு தெருவில் திரும்பிவிடுவாள்.

2009 மாசியில் ஒரு காலை, கிணற்றை எட்டிப் பார்த்தாள். தண்ணீர்மேல் கருநீலப் படலம். ஆற்றோரமாக மேலே நடந்தாள். புதிதாக வந்த சாயப்பட்டறையின் குழாய் நாணலுக்குள் மறைந்து ஆற்றில் இறங்கியிருந்தது. அங்கே கெண்டைக்குஞ்சுகள் வயிறு வெளுத்து மிதந்தன.

முந்தின சாயங்காலமும் அவள்தான் தண்ணீர் திறந்துவிட்டிருந்தாள். எத்தனை வீட்டுப் பிள்ளைகள் குடித்திருக்கும்? மகள் சினேகாவும் குடித்திருந்தாள். மோட்டார் அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

குழாயடியில் கூச்சல் கிளம்பியதும் தலைவரே வந்துவிட்டார்.

"ஏத்தா, மோட்டாரப் போடு. ரெண்டு நாள்ல தெளிஞ்சிரும்."

"மாட்டேன்யா." இடுப்புச் சாவியைக் கையால் பொத்திக்கொண்டாள். "வேலைய விட்டுத் தூக்குனாலும் சரி, என் கையால தொறக்க மாட்டேன்."

மதியம் பட்டறை ஆள் ஒருவன் பைக்கில் வந்து வீட்டுவாசலில் நின்றான். அவன் மிரட்டவில்லை, சிரித்தான்.

"பிள்ளை மூணாப்பு படிக்குதாக்கும்? ரோட்டத் தாண்டிப் போகுதேக்கா. லாரி போற ரோடு, பாத்துக்கங்க."

அவன் போனதும் அவள் பள்ளிக்கூடத்துக்கு ஓடி, பாதி வகுப்பில் பிள்ளையை அழைத்துக்கொண்டு பஸ் ஏறி, தேவதானப்பட்டியில் தங்கை வீட்டில் விட்டாள்.

மறுநாள் காலை, சாவியைத் தலைவரிடமே கொடுத்துவிடலாம் என்றுதான் ஊர் திரும்பினாள். பக்கத்து வீட்டுப் பவுனு வெறுங்குடத்தோடு வழிமறித்தாள்.

"நேத்திருந்து தண்ணி இல்ல. என்னதான்டி நெனச்சுக்கிட்டிருக்க?"

சுருளியம்மாள் அவளைக் கிணற்றுக்கு அழைத்துப் போனாள். எட்டிப் பார்த்த பவுனு தலையில் அடித்துக்கொண்டாள். "என் மருமக மாசமா இருக்காளேடி!"

அன்றே பவுனு வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். அடுத்த நாள் நாற்பது பெண்கள் பஸ் ரோட்டில் குடங்களோடு உட்கார்ந்தார்கள். சுருளியம்மாள் கடைசி வரிசையில் முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டிருந்தாள்.

"தாசில்தார் வந்திருக்காக, எந்திரிங்கத்தா" என்றது ஒரு குரல்.

"முதல்ல யாரும்மா பாத்தது?" என்று அவர் கேட்டதும் எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பின. பைக்கில் வந்த பட்டறை ஆளும் புளியமரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவள் முந்தானையை விலக்கி எழுந்தாள்.

"நாந்தான்யா," என்றாள் ஒருவழியாக. "அங்கன வாங்க, குழாயக் காட்டுறேன்."

குழாயை அடைத்துப் பட்டறைக்குச் சீல் வைத்தார்கள். கிணற்றை இறைத்து, தண்ணீரைச் சோதித்து முடிவு வரும்வரை ஊர் இரண்டு மாதம் லாரித் தண்ணீர் குடித்தது. அவள் வேலை போகவில்லை.

"பிள்ளைய எப்ப கூட்டியாருவ?" என்று பவுனு கேட்கும்போதெல்லாம், "பரீட்சை முடியட்டும்" என்பாள். பரீட்சை முடிந்தது. நாலாம் வகுப்பும் சினேகா தேவதானப்பட்டியிலேயே படித்தாள்.